மாம்பழம் அழுகாமல் இருக்க வாசனை எண்ணெய்: மரத்தை விட்டுவிட்டுப் பெட்டியில் தொடங்குங்கள்

சேலம் பக்கம் பத்துப் பதினைந்து மாமரம் வைத்திருப்பவர்களும், ஏற்காட்டில் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஆரஞ்சும் பட்டர் ஃப்ரூட்டும் வளர்க்கிற சின்னத் தோட்டக்காரர்களும் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி இது: பூஞ்சாணத்துக்குக் கடை மருந்து அடிக்காமல் ஓம எண்ணெய், கிராம்பு எண்ணெய், எலுமிச்சைப் புல் எண்ணெய் என்று ஏதாவது வைத்துச் சமாளிக்க முடியாதா? முடியும். ஆனால் புதிதாக வருகிற எல்லோரும் ஒரு பாட்டில் எண்ணெயை வாங்கியதும் ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு நேராக மரத்துக்குப் போகிறார்கள். அங்கே போகாதீர்கள், முதல் பருவத்திலாவது போகாதீர்கள். பறித்த பழத்தில், மூடிய பெட்டிக்குள் தொடங்குங்கள். இந்த எண்ணெய்கள் வேலை செய்வது அவற்றின் ஆவியால். திறந்த வெளியில், அதுவும் ஏப்ரல் மாதச் சேலம் வெயிலில், அந்த ஆவி சில மணி நேரத்தில் போய்விடும். பெட்டிக்குள் அது எங்கும் போகாது.

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் சோதித்துப் பார்த்து "பூஞ்சாணம் முழுக்க நின்றுவிட்டது" என்று வருகிற செய்திகளையும் இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும், அந்தத் தட்டும் மூடி போட்டதுதான். ஐரோப்பாவில் திராட்சையின் சாம்பல் அழுகலுக்கு யூஜெனால், தைமால், ஜெரானியால் மூன்றும் கலந்த ஒரு மருந்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். மூன்றுமே நம் கிராம்பிலும் ஓமத்திலும் பாமரோசாப் புல்லிலும் இருக்கிற பொருள்கள்தான். ஆனால் அவற்றை அப்படியே தெளிக்காமல், ஈஸ்ட் செல்லின் காலிக்கூட்டுக்குள் அடைத்து, மெதுவாக வெளியே வரும்படி செய்திருக்கிறார்கள். நம்மிடம் அந்த வசதி இல்லை, அதனால் ஆவி தப்பிக்காத இடத்தை நாம் தேடிப் போகிறோம்.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

சேலம் மாம்பழத்தில் பெரிய தலைவலி ஆந்த்ராக்னோஸ். கொல்லெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சாணம்தான் காரணம். இளம் இலையில் பழுப்புப் புள்ளி, பூங்கொத்தில் கருகல், பழுத்த பிறகு தோலில் கொஞ்சம் குழிந்த கரும்புள்ளி. காய் பச்சையாக, கல் மாதிரி, ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். வைக்கோலில் போட்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகக் கறுத்திருக்கும். வைக்கோல்தான் கெடுத்தது, குடோன் சூடுதான் கெடுத்தது என்று சொல்வார்கள். உண்மையில் பூஞ்சாணம் மரத்திலேயே, கோடை மழை நனைத்த நாள்களிலேயே காய்த் தோலில் இறங்கிவிட்டது. பச்சைத் தோலில் பூஞ்சாணத்தைத் தடுக்கும் பொருள்கள் இயற்கையாகவே இருப்பதால் அது மேலே வளர முடியாமல் அப்படியே உறங்கிக் கிடக்கும். காய் பழுக்கப் பழுக்க அந்தப் பொருள்கள் குறையும், பூஞ்சாணம் விழித்துக்கொள்ளும். பறித்த நாளுக்கும் பழுக்கிற நாளுக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சில நாள்தான் நமக்குக் கிடைக்கிற வாய்ப்பு.

இரண்டாவது காம்பழுகல். காம்பு சேர்கிற இடத்தில் பழுப்பாகத் தொடங்கி வேகமாகக் கீழே இறங்கும், உள்ளே சதை தண்ணீராகிவிடும். காம்பை ஒட்ட உடைத்துப் பறித்த பழத்தில் இது அதிகம்.

இந்த இரண்டும் இல்லாமல், இலையிலும் காயிலும் கரி பூசினதுபோல் கறுப்பாகப் படிந்து, துணியால் துடைத்தால் வந்துவிடுகிறது என்றால் அது கரும்பூசணம். தத்துப்பூச்சி கழிக்கிற தேன் போன்ற கழிவின் மேல் வளர்வது. அதற்கு எண்ணெயைத் தேட வேண்டாம், பூச்சியைக் கவனியுங்கள். பூங்கொத்தில் வெள்ளை மாவு தூவினதுபோல் இருந்தால் சாம்பல் நோய். அதற்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம், இன்றைக்கும் மலிவான நல்ல வழி. ஏற்காட்டில் ஆரஞ்சு மரத்தின் அடித்தண்டில் பிசின் வடிந்து பட்டை அழுகினால் அது ஃபைட்டோஃப்தோரா என்ற மண்ணில் வாழ்கிற நோய்க்கிருமி. அங்கே மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த போர்டோ பசையும் வடிகாலும்தான் வேலை செய்யும், எந்த வாசனை எண்ணெயும் மண்ணுக்குள் போய் அதைத் தடுக்காது. சந்தேகம் இருந்தால் இலையையோ பழத்தையோ எடுத்துக்கொண்டு சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். மலையில் இருப்பவர்களுக்கு ஏற்காட்டிலேயே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நோய் பெயர் தெரியாமல் எண்ணெய் வாங்குவது வீண் செலவு.

எந்த எண்ணெய்

ஓம எண்ணெயில் தைமால் இருக்கிறது, பூஞ்சாணத்தின் செல்லுறையைக் கிழிப்பதில் கெட்டிக்காரப் பொருள். எலுமிச்சைப் புல் எண்ணெயில் பெரும்பகுதி சிட்ரால். கிராம்பு எண்ணெயில் யூஜெனால். லவங்கப்பட்டை எண்ணெயில் சின்னமால்டிஹைடு, பட்டை மரத்தின் இலையிலிருந்து எடுத்ததென்றால் யூஜெனால். இந்த நான்கில் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். யூக்கலிப்டஸ் தைலம் மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் பூஞ்சாணத்துக்கு எதிராக மற்றவற்றை விடப் பலவீனம். மலிவாக இருக்கிறதே என்று அதில் தொடங்க வேண்டாம்.

என் தேர்வு கேட்டால், ஆவி பிடிக்க ஓம எண்ணெய் அல்லது எலுமிச்சைப் புல், முக்கி எடுக்கக் கிராம்பு. கிராம்பு எண்ணெய் கனமானது, மெதுவாகத்தான் ஆவியாகும், அதனால் தோலில் கொஞ்ச நேரம் நிற்கும்.

வாங்கும்போது கவனம். "வாசனை" என்று பெயர் போட்ட சென்ட் எண்ணெய், ஊதுபத்திக்குக் கலக்குகிற எண்ணெய், நல்லெண்ணெயில் ஓமம் போட்டுக் காய்ச்சியது, இவை எதுவும் நமக்கு உதவாது. ஓம வாட்டரும் உதவாது, அது எண்ணெய் பிரிந்த பிறகு மிச்சமாகிற தண்ணீர். நமக்கு வேண்டியது ஆவியில் வடித்த சுத்தமான எண்ணெய். கலப்படம் பார்க்க ஒரு எளிய வழி: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். அப்பளம் வைத்த தாள் மாதிரி எண்ணெய்க் கறை அகலாமல் நின்றால் சமையல் எண்ணெய் கலந்திருக்கிறது (கிராம்பும் பட்டையும் காய இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவசரப்பட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்). இன்னொன்று, நல்ல கிராம்பு எண்ணெயும் பட்டை எண்ணெயும் தண்ணீரில் மூழ்கும், எலுமிச்சைப் புல் எண்ணெய் மிதக்கும். மிதக்கிற கிராம்பு எண்ணெயை வாங்காதீர்கள்.

பறிப்பதிலேயே பாதி வேலை

எண்ணெயைத் தொடுவதற்கு முன்னால் இதைச் சரியாகச் செய்யுங்கள். மல்கோவாவோ இமாம்பசந்தோ பெங்களூராவோ, நன்றாக விளைந்த காயை வலை கட்டின தொரட்டியால், ஒரு சென்டிமீட்டராவது காம்போடு பறியுங்கள். தரையில் விழுந்த காயை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள், அடிபட்ட இடத்தில் எந்த எண்ணெயும் நிற்காது. பிறகு நிழலில் வைத்துக் காம்பைக் கிள்ளி, தலைகீழாகச் சாய்த்துப் பாலை வடிய விடுங்கள். பால் தோலில் பட்டுக் காய்ந்தால் அந்த இடம் வெந்து, பூஞ்சாணத்துக்கு வாசல் திறந்துவிடும்.

அடுத்தது வெந்நீர். பெரிய அண்டாவில் தண்ணீரை 52 டிகிரி செல்சியஸில் நிறுத்தி, காயை 5 முதல் 10 நிமிடம் முக்கி வைக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்த்துக் கணிக்காதீர்கள், ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். 55-ஐத் தாண்டினால் தோல் வெந்துபோகும், முற்றாத காய் அதற்கு முன்பே வெந்துவிடும். காயைப் போட்டதும் சூடு இறங்கும் என்பதால் பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தில் கொதிநீர் தயாராக இருக்கட்டும். எடுத்ததும் சாதாரணத் தண்ணீரில் ஆற விடுங்கள். உறங்கிக் கிடக்கிற பூஞ்சாணத்தைத் தோலுக்குள்ளேயே பலவீனமாக்குவது இந்தச் சூடுதான். எண்ணெய் மேலே இருப்பதைத்தான் தாக்கும், உள்ளே ஆழமாகப் போகாது. அதனால் எண்ணெய் மட்டும் போதும், வெந்நீர் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் நான் வெந்நீரைத்தான் வைத்துக்கொள்வேன்.

ஆவி பிடித்தல்

இதுதான் புதியவர்களுக்கு ஏற்ற வழி. எண்ணெய் கொஞ்சம் போதும், கலக்கல் வேலை இல்லை, தவறு நடந்தால் ஒரு பெட்டிப் பழம்தான் போகும்.

மூடி இறுக்கமாகப் பொருந்துகிற 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள். சமையல் சாமான் போடுகிற தரத்தில் இருக்கட்டும், பெயின்ட் வாளி வேண்டாம். தெர்மாக்கோல் பெட்டி கூடவே கூடாது, இந்த எண்ணெய்கள் அதைக் கரைத்துவிடும். துடைத்துக் காய வைத்த பழத்தை மூன்றில் இரண்டு பங்குக்கு அடுக்குங்கள். மேலே ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் பஞ்சு வைத்து, அதில் 10 சொட்டு ஓம எண்ணெய் அல்லது எலுமிச்சைப் புல் எண்ணெய். 20 சொட்டு ஏறக்குறைய 1 மில்லி. 20 லிட்டர் டப்பாவுக்கு அந்த 1 மில்லியைத் தாண்ட வேண்டாம். கிண்ணம் மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஆவி காற்றை விடக் கனம், தானாகக் கீழே இறங்கும். பஞ்சு பழத்தைத் தொடக் கூடாது, தொட்ட இடத்தில் தோல் பழுப்பாகச் சுட்டுவிடும்.

மூடியை மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் திறந்து, கிண்ணத்தை எடுத்துவிட்டு, பழத்தை ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, அப்புறம் வழக்கம்போல வைக்கோலில் வைத்துப் பழுக்க விடுங்கள். இரண்டு மூன்று நாள் சேர்த்தே மூடி வைத்தால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம்: பழம் மூச்சு விடுகிறது, மூடிய டப்பாவில் கரியமில வாயு சேர்ந்தால் பழுப்பதே கெட்டு, புளித்த வாடை வரும். வேண்டுமென்றால் இரண்டு நாள் கழித்து இன்னொரு இரவு, அதே அளவில்.

கார்பைடு கல் பக்கம் போகவே வேண்டாம். சட்டப்படி தடை செய்யப்பட்டது, உடம்புக்கும் கெடுதல். கடைக்காரர்கள் அறையில் எத்திலீன் வாயு வைத்துப் பழுக்க வைப்பது அனுமதிக்கப்பட்ட முறை, அந்தப் பழத்துக்கும் முந்தின இரவு இந்த ஆவியைக் கொடுக்கலாம்.

அப்புறம் ஒன்று, இதைத் தயவுசெய்து விடாதீர்கள்: அதே மரத்தில், அதே நாளில் பறித்த காயில் ஒரு டப்பாவை எண்ணெய் இல்லாமல், மற்றபடி எல்லாம் ஒன்றாகச் செய்து பக்கத்திலேயே வையுங்கள். ஒவ்வொரு நாளும் இரண்டிலும் எத்தனை பழத்தில் புள்ளி என்று எண்ணி எழுதுங்கள். மழை இல்லாத வருடத்தில் எதுவுமே செய்யாமலும் பழம் நன்றாக இருக்கும், எண்ணெய்தான் காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வருடம் பணத்தைக் கொட்டுவோம். எண்ணெய் இல்லாத டப்பாவை வைத்துத்தான் உங்கள் தோட்டத்துக்கு இது தேவையா என்றே தெரியும்.

கலந்து முக்குவது

எண்ணெயும் தண்ணீரும் சேராது, சேர்க்க ஒரு பொருள் வேண்டும். கெமிக்கல் கடையில் ட்வீன் 80 கிடைக்கும், அதுதான் வசதி. 10 லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி எண்ணெய், 10 மில்லி ட்வீன். முதலில் கண்ணாடி டம்ளரில் இவை இரண்டையும் நன்றாகக் கலக்கி, வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே கலக்குங்கள். பால் மாதிரி வெள்ளையானதும் மிச்சத் தண்ணீரில் ஊற்றுங்கள். கால் மணி நேரம் கழித்து மேலே எண்ணெய்ச் சொட்டு மிதந்தால் சரியாகக் கலக்கவில்லை, அதில் பழத்தை முக்காதீர்கள்.

வேப்பெண்ணெய்க்குப் போடுகிற காதி சோப்பிலும் செய்யலாம். ஆனால் நம் ஊர் போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு, சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும், எண்ணெய் தனியாக நிற்கும். சோப்பு போடுவதாக இருந்தால் மழைத்தண்ணீரோ குழாயில் வருகிற மேட்டூர்த் தண்ணீரோ எடுங்கள்.

இந்த அளவு லிட்டருக்கு 1 மில்லி, அதாவது 0.1 சதவீதம். முதலில் ஐந்தாறு பழத்தில் மட்டும் செய்து இரண்டு நாள் பார்த்து, தோலில் சுட்ட தடம் இல்லை என்றால் 2 மில்லி வரை போகலாம். வெந்நீரில் எடுத்து ஆற வைத்த பழத்தை இரண்டு மூன்று நிமிடம் முக்கி, நிழலில் மின்விசிறி போட்டுக் காய வையுங்கள். கலவையை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். வாழைக்கும் பப்பாளிக்கும் இதையே கொஞ்சம் மாற்றிச் செய்கிறார்கள்: 10 சதவீத அரபிக் கோந்துக் கரைசலில் 0.4 சதவீதம் பட்டை எண்ணெய் கலந்து பழத்துக்கு மெல்லிய பூச்சு கொடுத்தால் ஆந்த்ராக்னோஸ் நன்றாகக் குறைகிறது என்று 2011-ல் மலேசிய ஆய்வு ஒன்று வந்தது. கோந்து எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஆவி மெதுவாகப் போகிறது.

மரத்துக்குத் தெளிக்கத்தான் வேண்டும் என்றால்

அடுத்த பருவத்தில், பெட்டியில் பலன் பார்த்த பிறகு. பூவில் வேண்டாம், பூங்கொத்து மென்மையானது, தேனீயும் ஈயும் வருகிற நேரம் அது. காய் எலுமிச்சை அளவுக்கு வந்த பிறகு, லிட்டருக்கு 1 மில்லி கலவையில், மாலை வெயில் தாழ்ந்ததும், முதல் தடவை ஒரே ஒரு கிளையில் அடித்து மூன்று நாள் பாருங்கள். கிராம்பு எண்ணெயின் அடர்த்தியைக் கூட்டிக் களைக்கொல்லியாகவே சில நாடுகளில் பயன்படுத்துகிறார்கள், அதனால் "கொஞ்சம் தூக்கலாகவே போடுவோம்" என்ற எண்ணம் இலையை எரித்துவிடும். மழை வந்தால் கழுவிப் போய்விடும், வாரம் பத்து நாளுக்கு ஒரு முறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். வயதான பெரிய மரத்துக்கு இது கட்டுப்படியாகாது. குட்டையாகக் கவாத்துச் செய்து வைத்த மரம் என்றால் பரவாயில்லை.

கந்தகம் அடித்த மரத்தில் இரண்டு வாரம் எந்த எண்ணெயும் வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். சூடோமோனாஸ் கலவையோடும் ஒரே டேங்கில் சேர்க்காதீர்கள், எண்ணெய் அந்த நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். இதையெல்லாம் விடப் பலன் தருவது, காய்ந்த குச்சியையும் கருகின பூங்கொத்தையும் வெட்டி எரிப்பது. அடுத்த வருடத்துக்கான வித்துகள் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன.

மலைக்காரர்களுக்கு

சேர்வராயன் மலையில் ஈரமும் மூடுபனியும் அதிகம், மரத்தில் தெளித்து நோயைத் துரத்துவது இன்னும் கடினம். ஆனால் பெட்டி முறை அங்கே நன்றாகப் பொருந்தும். ஆரஞ்சில் பறித்த பிறகு வருகிற பச்சைப் பூசணம் காயத்தின் வழியாகத்தான் நுழையும். அதனால் பிய்க்காமல் கத்தரியால் காம்பை வெட்டுங்கள், ஏற்கெனவே பூசணம் பிடித்த ஒரு பழம்கூடப் பெட்டியில் இருக்கக் கூடாது. பிறகு எலுமிச்சைப் புல் ஆவி ஓர் இரவு. பட்டர் ஃப்ரூட்டில் மாம்பழத்தில் இருக்கிற அதே இனப் பூஞ்சாணம் அதே மாதிரி உறங்கிக் கிடந்து பழுக்கும்போது எழும். தைமால் உள்ள எண்ணெயின் ஆவி அதற்கு நன்றாகக் கேட்கிறது. தோல் கரடுமுரடாக இருப்பதால் துடைத்து நன்றாகக் காய வைத்த பிறகே டப்பாவில் அடுக்குங்கள்.

பாதுகாப்பு, சட்டம்

இயற்கைப் பொருள் என்பதால் அலட்சியம் வேண்டாம். பட்டை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் தோலில் நேராகப் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், அடுப்புப் பக்கம் கலக்காதீர்கள், தீப்பிடிக்கும். குழந்தைகள் ஓம எண்ணெயைப் பார்த்து வயிற்றுவலி மருந்து என்று நினைத்துவிடக் கூடும், பூட்டி வையுங்கள்.

உங்கள் பழத்துக்கு நீங்கள் செய்வது வேறு. கலவையைப் பாட்டிலில் அடைத்துப் பூஞ்சாணக்கொல்லி என்று பக்கத்துத் தோட்டக்காரருக்கு விற்பது வேறு. பின்னதற்கு 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும். அங்ககச் சான்று வைத்திருப்பவர்கள் எண்ணெயை மட்டும் சொல்லாமல், ட்வீன் போன்ற கலப்பானையும் சேர்த்துச் சொல்லி, சான்று கொடுத்தவர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

மிச்ச எண்ணெயைப் பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டிலில், இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வாங்கின தேதியை எழுதி ஒட்டுங்கள். நிறம் கறுத்து, பிசுபிசுத்து, வாசனை மாறினால் அது காற்றில் கெட்டுவிட்டது, பழத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.